இறங்கச் சொல்ல யாருக்கு அதிகாரம்

1

ஏசுவடியான் ஓடினார்.

நாற்பத்தொன்பது வயதுக்கு, இரண்டு முட்டியிலும் தைலம் தேய்த்திருந்த கால்களுக்கு, அது நல்ல ஓட்டம்தான். பேருந்து நிறுத்தத்திலிருந்து நிர்வாகக் கட்டடம் வரை இருநூறு மீட்டர். நடுவில் புல்வெளி. அதில் யாரும் கால் வைக்கக் கூடாது. அவர் வைத்தார். தோட்டக்காரர் விசில் ஊதினார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

மணி எட்டு நாற்பத்தொன்று.

அவருக்குப் பின்னால், பதினான்காம் எண் கல்லூரிப் பேருந்துக்குள், ஐம்பத்திரண்டு மாணவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கதவு திறந்திருந்தது. தீ இல்லை, புகை இல்லை, யாரும் யாரையும் கடத்தவில்லை. இருந்தும் ஒருவர்கூட இறங்க முடியாத நிலை. காரணம் எளிமையானது. அவர்களை இறங்கச் சொல்லும் அதிகாரம் அன்று காலை எட்டு மணி முதல் மெக்கானிக்கல் துறைக்குப் போய்விட்டது.

நிர்வாக அலுவலர் சோலைச்சாமி அப்போதுதான் மேசையைத் துடைத்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டிருந்தார்.

"ஐயா, பிள்ளைகளை எறக்கணும்" என்றார் ஏசுவடியான், மூச்சுக்கு நடுவே.

"எறக்குங்க."

"'கெட் ஆஃப்'னு சொல்லி எறக்கணும்ல. நேத்து வரைக்கும் அது எங்க டிரான்ஸ்போர்ட்ல இருந்துச்சு. இன்னைக்கு மெக்கானிக்கலுக்கு மாத்தியாச்சுன்னு போர்டுல ஒட்டியிருக்காக."

"ஆமா. அவிய ரொம்ப நாளா கேட்டாக. மோட்டார்ல இருந்து பெல்ட் கழண்டா சொல்றதுக்கு ஒரு சொல் வேணும்னாக. கொடுத்தாச்சு." சோலைச்சாமி ஊதுபத்தியைச் செருகினார். "உங்களுக்கு 'கெட் இன்' அப்படியே இருக்கு. தாராளமா ஏத்துங்க."

"ஏத்தின பொறவு?"

"அது அடுத்த சுற்றறிக்கையில வரும்."

"அதுவரைக்கும் தமிழ்ல எறங்குங்கன்னு சொல்லிரட்டா?"

சோலைச்சாமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எதுவும் தெரியாது. கண்டிக்கும்போது மட்டும் கழற்றுவார். "வளாகத்துக்குள்ள வண்டி உத்தரவு எல்லாம் இங்கிலீஷ்லதான். சுற்றறிக்கை பதினேழு. அவசரம்னா மெக்கானிக்கல் துறைத் தலைவர்கிட்ட ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கடுதாசி வாங்கிட்டு வாங்க. அவிய அந்தச் சொல்லை உங்களுக்கு ஒரு மணி நேரம் இரவலாத் தரலாம்."

"அவிய எங்க இருக்காக?"

"லீவு. திங்கக்கிழமை வருவாக."

அன்று வியாழக்கிழமை.

ஏசுவடியான் மறுபடி ஓடினார், வந்த வழியே, அதே புல்வெளியில். வண்டியில் ஏறினார். கிளப்பினார். கல்லூரி வாசலைத் தாண்டி, ராஜபாளையம் சாலையில் வளாகத்தின் மதில் முடியும் இடம் வரை ஓட்டிப்போய் நிறுத்தினார். அது வளாகம் அல்ல. நெடுஞ்சாலைத் துறையின் இடம்.

"எறங்குங்கலே" என்றார்.

ஐம்பத்திரண்டு பேரும் இறங்கி, சிரித்துப் பேசிக்கொண்டு, மெதுவாகக் கல்லூரிக்கு நடந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் அவசரமில்லை. முதல் மணி நேரம் தேர்வு.

மாலைக்குள் ஏசுவடியான் கைக்கு ஒரு மெமோ வந்தது. குற்றச்சாட்டு: அனுமதியின்றி வளாகத்துக்கு வெளியே சென்று ஒரு வினைச்சொல்லைத் தவிர்த்தது.

2

கதையை ஒரு வருடம் பின்னால் எடுக்க வேண்டும்.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மலையைப் பார்த்து நிற்கும் அருள்வேந்தர் பொறியியல் கல்லூரிக்குப் போன ஆகஸ்டில் தர ஆய்வுக் குழு வந்தது. தலைவர் டாக்டர் சுவர்ச்சலா தேவி, ஆந்திரத்துக்காரர், துணைவேந்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று நாள் பார்த்தார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கிளம்பும்போது ஒரு தாளில் தன் கையால் ஆங்கிலத்தில் ஏதோ எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார். அடுத்த வருடம் வரும்போது இதைச் செய்திருக்கிறீர்களா என்று பார்ப்பேன் என்றார். போய்விட்டார்.

உறை சோலைச்சாமியின் மேசைக்கு வந்தது.

அந்தக் கல்லூரியில் எந்தத் தாளும் வந்த வடிவில் மேலே போகாது. ஒவ்வொரு மேசையிலும் அதைச் சுருக்கி ஒரு குறிப்பு எழுதி மேலே குத்துவார்கள். அடுத்த மேசைக்காரர் குறிப்பை மட்டும் படித்து, அதைச் சுருக்கி இன்னொன்று குத்துவார். தாளாளர் கையில் போய்ச் சேரும்போது மேலே இருக்கும் குறிப்பு ஒரு வரிக்கு மிகாமல் இருக்க வேண்டும். "மேல போகப் போக லேசாகணும், பலூன் மாதிரி" என்பார் சோலைச்சாமி. தன் மகளின் கல்யாணப் பத்திரிகையையே தாளாளருக்கு "வரவும்" என்று சுருக்கி அனுப்பியவர் அவர். தாளாளர் எதற்கு என்று தெரியாமலே போய், மொய் எழுதிவிட்டு வந்தார்.

சோலைச்சாமி உறையைப் பிரித்தார். படித்தார். சுருக்கினார். தாளை மறுபடி உறையில் போட்டு, 'ரகசியம்' என்று சிவப்பு முத்திரை குத்திப் பெட்டகத்தில் பூட்டினார். பூட்டியதும் படித்ததை மறந்தார். அது அவருடைய தொழில் தர்மம். கண்காணிப்பாளர் குறிப்பைச் சுருக்கினார். துணை முதல்வர் அதைச் சுருக்கினார். முதல்வர், நான்கு நாள் யோசித்து, அதையும் சுருக்கினார்.

தாளாளர் முன்னால் கோப்பு விரிந்தபோது மேலே இருந்தது இவ்வளவுதான்: 'கெட்' — உடன் நடவடிக்கை தேவை.

"கெட்னா?" என்றார் தாளாளர். நூல் மில் வைத்துச் சம்பாதித்துக் கல்லூரி கட்டியவர். எதையும் நேராகக் கேட்பவர்.

"இங்கிலீஷ்ல ஒரு வினைச்சொல்லுங்க ஐயா" என்றார் முதல்வர்.

"அதுல நம்ம காலேஜ் வீக்கா?"

அறையின் கடைசியில், ஆங்கிலத் துறையின் இளநிலை விரிவுரையாளர் வெங்கடேஸ்வரி மட்டும் எழுந்தாள். காலேஜில் ஆங்கிலத்தில் கனவு காணக்கூடியவள் அவள் ஒருத்திதான். அதனால் அவளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

"சார், அம்மா எழுதின ஒரிஜினலை ஒரு தடவை பாத்துட்டா தெரிஞ்சுரும்."

சோலைச்சாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அது ரகசியம்மா. நாமளே பாத்துட்டா அப்புறம் என்ன ரகசியம்? எழுதினவுக வந்து கேட்டாத்தான் பெட்டகத்தைத் தொறக்கலாம்."

தாளாளர் கடிகாரத்தைப் பார்த்தார். மில்லில் ஷிப்டு மாறும் நேரம். "வீக்கா இருந்தா ஸ்ட்ராங் பண்ணுங்க. கட்டடம் வேணுமா, கட்டிக்கங்க" என்றார்.

கட்டினார்கள். மூன்று மாடி. 'கெட் வினைச்சொல் உயராய்வு மற்றும் தகுதிச் சான்று மையம்' என்று கருங்கல்லில் தங்க எழுத்து. இயக்குநராக முனைவர் பாண்டிதுரை நியமிக்கப்பட்டார். அவர் சிவில் துறைப் பேராசிரியர். சிவில் துறையில் இரண்டு வருடமாக ஒரு மாணவரும் சேரவில்லை. பேராசிரியர்கள் மட்டும் ஒருவர் வகுப்பை ஒருவர் மேற்பார்வை செய்துகொண்டிருந்தார்கள். சும்மா இருந்த ஆளை எடுத்துப் புது இடத்தில் வைத்தது எல்லோருக்கும் வசதியாக இருந்தது.

மையம் முதல் காரியமாகத் தடிமனான ஒரு அகராதியை வாங்கி, அந்த ஒரு சொல்லுக்கு நூற்றுத்தொண்ணூற்றுமூன்று பொருள் என்று எண்ணிக் கண்டுபிடித்தது. ஒரே சொல்லை எல்லோரும் இஷ்டத்துக்கு எடுத்துப் புழங்குவது ஒழுங்கீனம் என்று இரண்டாம் கூட்டத்தில் தீர்மானித்தது. மூன்றாம் கூட்டத்தில், ஆடிட்டோரியத்தில், குலுக்கல் போட்டுப் பொருள்களைத் துறைகளுக்குப் பிரித்துக் கொடுத்தது.

விடுதி வார்டனுக்கு 'கெட் அப்'. கல்லூரி மருந்தகத்துக்கு 'கெட் வெல்'. வாசல் காவலுக்கு 'கெட் லாஸ்ட்'. மழைமானி தங்களிடம் இருக்கிறது என்பதால் சிவில் துறை 'கெட் வெட்'டைக் கேட்டு வாங்கிக்கொண்டது. 'கெட் ஆங்கிரி' ஐந்து வருடம் பணி முடித்த பேராசிரியர்களுக்கு மட்டும், மற்றவர்கள் விண்ணப்பிக்கலாம். 'கெட் மேரீட்' பெண்கள் விடுதிக்கு விழுந்தது, ஆனால் பெற்றோர் கையெழுத்தில்லாமல் அதை உச்சரிக்கக் கூடாது என்று நிபந்தனை. 'கெட் ஓல்ட்' ஓய்வூதியப் பிரிவுக்கு. 'கெட் போர்ட்', அதாவது சலித்துப்போவது, யாருக்கும் விழவில்லை. முதல்வர் அதைத் தன்னிடம் வைத்துக்கொண்டார்.

கேன்டீனுக்கு 'கெட் கோல்ட்'. அன்றிலிருந்து கேன்டீன்காரர் சாம்பார் ஆறிப்போனால் மன்னிப்புக் கேட்பதில்லை, பதிவேட்டைக் காட்டினார்.

3

ஏசுவடியானுக்கு இதில் என்ன வந்தது?

வேலை வந்தது, அல்லது போனது.

பதினோரு வருடமாக அவர் அந்தக் கல்லூரியின் தற்காலிக ஓட்டுநர். ஒவ்வொரு மார்ச் முப்பத்தொன்றாம் தேதியும் அவரை வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஏப்ரல் இரண்டாம் தேதி புதிதாகச் சேர்த்துக்கொள்வார்கள். நடுவில் ஒரு நாள் அவர் வேலையில்லாதவர். அந்த ஒரு நாள் இடைவெளி இருக்கும்வரை நிரந்தரம் கேட்க முடியாது. பதினோரு ஏப்ரல் முதல் தேதிகளை அவர் ராஜபாளையத்தில் தன் வாடகை வீட்டில், சட்டையில்லாமல், என்ன செய்வதென்று தெரியாமல் கழித்திருக்கிறார்.

இந்த வருடம் ஒரு சுற்றறிக்கை வந்தது. தற்காலிக ஊழியர்களில் 'கெட்' தகுதித் தேர்வில் நாற்பது மதிப்பெண் வாங்குகிறவர்களுக்கு நிரந்தர உத்தரவு. வாங்காதவர்கள், குழு வந்துபோன மறுநாள் முதல், வண்டி கழுவும் பிரிவுக்கு மாற்றம். ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போதே வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. அவர் மனைவி ஜெயக்கொடி சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் மடிப்புப் பிரிவில் இருக்கிறாள். நாள் முழுக்கத் துணியை மடித்துவிட்டு வருகிறவளுக்கு நாக்கை மட்டும் மடிக்கத் தெரியாது.

"அப்போ வண்டி ஓட்டத் தெரிஞ்சாப் போதாதாக்கும்?"

"போதாதாம்."

"ஒங்க டைரக்டருக்கு ஓட்டத் தெரியுமா?"

"அவிய சிவில். செமென்டு."

"செமென்டுக்காரருக்கு இங்கிலீஷ் எதுக்கு, டிரைவருக்கு இங்கிலீஷ் எதுக்கு? ரெண்டு பேரும் தெரியாததை வச்சுக்கிட்டு ஒருத்தருக்கு ஒருத்தர் பரீட்சை வைக்கீகளா?"

"ஏட்டி, பெர்மனென்டு ஆகணும்னா எழுதித்தான் ஆகணும்."

"எழுதுங்க. ஆனா ஒண்ணு. கழுவுற பிரிவுக்குப் போனீகன்னா வீட்டுல பாத்திரத்தையும் நீங்கதான் கழுவணும். அனுபவம் வந்துரும்ல."

அவர் சிரிக்கவில்லை. பேருந்தின் பெரிய ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தால்தான் அவருக்குத் தான் ஒரு ஆள் என்று தோன்றும். காலை ஆறரைக்கு ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட்டில் வண்டியைத் திருப்பும்போது, மலைப் பக்கமிருந்து வரும் காற்று கண்ணாடி வழியே முகத்தில் அடிக்கும். பதினோரு வருடத்தில் ஒரு கீறல் விழுந்ததில்லை. அதையெல்லாம் எந்தப் பொருளில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

மையத்தில் பயிற்சி வகுப்புகள் நடந்தன. ஓட்டுநர்கள், சமையல்காரர்கள், தோட்டக்காரர்கள் எல்லோரும் குளிர்ச்சி ஊட்டிய அரங்கில் உட்கார்ந்தார்கள். பாண்டிதுரை தொடக்க உரையாற்றினார். நல்ல குரல்.

"முப்பத்தோரு வருசம் நான் கான்கிரீட்டைச் சோதிச்சவன். கான்கிரீட்டை ஒரு கனசதுரமா வார்த்து, இருபத்தெட்டு நாள் தண்ணில ஊறப்போட்டு, பொறவு மெசின்ல வச்சு உடைப்போம். உடைஞ்சாத்தான் அதோட பலம் தெரியும். வினைச்சொல்லும் அப்படித்தான். ஊறணும். உடையணும். உங்களை எல்லாம் இருபத்தெட்டு நாள் ஊறப்போடப் போறேன்."

கைதட்டல். முன் வரிசையில் தோட்டக்காரர் ஒருவர் தும்மினார்.

"எனக்கு இங்கிலீஷ் சரியா வராதுன்னு சிலர் வெளில பேசறாக. உண்மைதான். ஆனா யோசிச்சுப் பாருங்க. இங்கிலீஷ் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட இதைக் கொடுத்திருந்தா, பத்து நிமிசத்துல சொல்லிக் கொடுத்துட்டு டீ குடிக்கப் போயிருப்பாரு. இந்த மூணு மாடி வந்திருக்குமா? லிப்ட் வந்திருக்குமா? இருபது பேருக்கு வேலை வந்திருக்குமா? ஒரு விசயம் தெரியாதவன் கையில இருந்தாத்தான் அது வளரும்."

பின் வரிசையில் ஒன்பதாம் எண் பேருந்து ஓட்டும் அபுதாஹிர் ஏசுவடியான் காதில் குனிந்தார். "அண்ணாச்சி, மனுசன் பொய் சொல்லலை."

"அதான் பயமா இருக்கு" என்றார் ஏசுவடியான்.

4

எழுத்துத் தேர்வில் ஒரே கேள்வி. நூற்றுத்தொண்ணூற்றுமூன்று பொருள்களில் உமது பிரிவுக்கு உரியதல்லாத நூற்றுத்தொண்ணூற்றிரண்டை நீர் ஏன் பயன்படுத்தக் கூடாது என்பதை விளக்குக.

ஏசுவடியான் பேனாவை எடுத்தார். நெடுநேரம் யோசித்து, 'மெமோ வரும்' என்று எழுதினார். நாற்பதுக்கு முப்பத்தெட்டு. மையத்தின் வரலாற்றிலேயே சுருக்கமான விடை என்று சோலைச்சாமி தனியாகக் கூப்பிட்டுப் பாராட்டினார். வெகு நேரம் கையை விடவில்லை.

செய்முறைத் தேர்வில்தான் விழுந்தார்.

பதினான்காம் எண் பேருந்தை மைதானத்தில் நிறுத்தியிருந்தார்கள். மேசை போட்டு, மேசைமேல் மூன்று தண்ணீர்ப் பாட்டில் வைத்து, பாண்டிதுரையும் சோலைச்சாமியும் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் வெங்கடேஸ்வரி மதிப்பெண் எழுத. ஓட்டுநர் பிரிவுக்கு மிஞ்சியிருந்தது 'கெட் இன்' ஒன்றுதான். அதைச் செய்து காட்ட வேண்டும்.

முதலில் அபுதாஹிர். படியில் வலது காலை வைத்தார். வைத்த காலில் நரம்பு பிடித்துக்கொண்டது. கம்பியைப் பிடித்தபடி, கண்ணை மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு அரை நிமிடம் அசையாமல் நின்றார். பிறகு மெதுவாக ஏறினார்.

"சொல்லை உள்வாங்குறாரு" என்று பாண்டிதுரை கிசுகிசுத்தார். அறுபதுக்கு நாற்பத்தெட்டு.

அடுத்து ஏசுவடியான். போனார், ஏறினார், உட்கார்ந்தார். இரண்டு விநாடி. பதினோரு வருடமாக அப்படித்தான் ஏறுகிறார்.

"எறங்குங்க" என்றார் பாண்டிதுரை. தமிழில் இறங்கச் சொல்லத் தேர்வாளர்களுக்கு மட்டும் அனுமதி உண்டு. "என்ன பண்ணுனீக?"

"ஏறினேன்யா."

"அதான் பார்த்தேன். வெறுமனே ஏறுன மாதிரி இருந்துச்சு. கெட் இன் எங்க?"

"அதுதானேயா ஏறுறது."

"ஏறுறது வேற, கெட் இன் வேற. ரெண்டும் ஒண்ணுன்னா இந்தக் கட்டடம் எதுக்கு?"

ஏசுவடியான் கட்டடத்தைப் பார்த்தார். அதற்கு அவரிடம் பதில் இருந்தது. பதினோரு வருட இடைவெளிகளை நினைத்து அதை விழுங்கினார். மறுபடி ஏறினார், இந்தத் தடவை நிதானமாக, பெண் பார்க்க வந்தவர் போல.

"பொருள் மொகத்துக்கு வரலை" என்றார் பாண்டிதுரை.

வெங்கடேஸ்வரி தலையைத் தூக்கினாள். "சார், எனக்குத் தெரிஞ்சவரைக்கும் அவர் செஞ்சது சரிதான்."

"உங்களுக்குத் தெரியும்மா. அதனாலதான் உங்களைக் கமிட்டியில போடலை."

செய்முறைக்குப் பூஜ்யம். ஆகமொத்தம் முப்பத்தெட்டு. இரண்டு மதிப்பெண் குறைவு. அத்தனை ஊழியர்களில் தோற்றவர் அவர் ஒருவர்தான். ராஜபாளையம் பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே நின்றபடி அபுதாஹிர் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

"அண்ணாச்சி, நரம்பு இழுத்ததுக்கு நாப்பத்தெட்டு போட்டிருக்காக. நீங்க ஒரு வாதம் கீதம் வந்த மாதிரி நடிச்சிருக்கலாம்ல?"

"எனக்கு நடிக்க வராது அபு."

"அப்போ கழுவுற பிரிவுதான். என் வண்டியை நான் உங்ககிட்ட விடமாட்டேன், பாத்துக்கோங்க. நானே கழுவிக்குவேன். மத்தவன் வண்டியைக் கழுவுங்க."

அதைச் சொல்லும்போது அபுதாஹிர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பாண்டிதுரை ஏசுவடியானைக் கூப்பிட்டனுப்பினார். முகத்தில் வெளிச்சம். "ஒரு வாய்ப்பு தாரேன். குழு வருது. அவிய முன்னால நேரடிச் செய்முறை காட்டணும். பாஸானவங்களைக் காட்டினா செட்டப்புன்னு சொல்லுவாக. உடைஞ்ச கான்கிரீட் கியூபையும் காட்டுனாத்தான் சோதனை நடந்துச்சுன்னு நம்புவாக. நீங்க வந்து ஏறுங்க. ஒழுங்கா ஏறினா அந்த ரெண்டு மார்க்கு. இல்லைன்னா மறுநாள் காலையில வாளியோட வந்துருங்க."

5

குழு வந்த நாள் கல்லூரி ஜொலித்தது.

வாசலிலேயே ஆரம்பம். ஒவ்வொரு பிரிவும் தனக்குக் கிடைத்த பொருளை அட்டையில் எழுதி நெஞ்சோடு பிடித்து நிற்க வேண்டும் என்று ஏற்பாடு. வாசல் காவலர் பேச்சிமுத்து, முன்னாள் ராணுவம், மீசை முறுக்கி, விறைத்து நின்றார். டாக்டர் சுவர்ச்சலா தேவியின் கார் உள்ளே நுழைந்ததும் ஒரு கையால் சல்யூட் அடித்து, மறு கையால் 'கெட் லாஸ்ட்' அட்டையை உயர்த்தினார்.

கார் நின்றது. செத்த நேரம் அப்படியே நின்றது. பிறகு மெதுவாக நகர்ந்தது.

அடுத்த திருப்பத்தில் ஓய்வூதியப் பிரிவின் எழுத்தர் 'கெட் ஓல்ட்' அட்டையோடு வணங்கினார். அதற்கடுத்து மருந்தகச் செவிலி ஞானபாக்கியம், அட்டை கனத்ததில் தோள்பட்டை வலிக்க, 'கெட் வெல்' என்று அழாக்குறையாகச் சிரித்தார். அம்மையார் மூக்குக் கண்ணாடியை இறக்கி, பக்கத்தில் வந்த குழு உறுப்பினரைப் பார்த்தார். அவர் தோளைக் குலுக்கினார்.

மையத்தின் முன்னால் பந்தல். மூன்றாம் ஆண்டு மாணவிகள் அந்தச் சொல்லைக் குறித்து ஒரு நடனம் ஆடினார்கள். நனைதல், கோபப்படுதல், எழுதல், தொலைதல் எல்லாம் வந்தன. சிவில் துறை நனைதலுக்கு உண்மையான தண்ணீர் தெளித்தது. முன் வரிசையில் தாளாளரின் வேட்டி நனைந்தது; அவர் கைதட்டினார். கடைசியில் மாணவிகள் ஒருவர்மேல் ஒருவர் ஏறி, அந்தச் சொல்லின் மூன்று எழுத்துகளாக நின்றார்கள். கடைசி எழுத்து சரிந்து விழுந்தது. அதையும் கைதட்டி வரவேற்றார்கள்.

பாண்டிதுரை மைக்கைப் பிடித்தார். வெங்கடேஸ்வரி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாள், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்து.

"போன வருடம் அம்மையார் எங்களுக்கு ஒரே ஒரு கட்டளை இட்டார்கள். நாங்கள் ஏன் என்று கேட்கவில்லை. எதற்கு என்று கேட்கவில்லை. என்ன என்றுகூடக் கேட்கவில்லை. கேட்காமல் செய்வதே இந்தக் கல்லூரியின் மரபு. இன்று எங்கள் வளாகத்தில் அந்தச் சொல்லை அனுமதியின்றி யாரும் உச்சரிப்பதில்லை. சென்ற மாதம் மொத்தப் பயன்பாடு வெறும் நான்கு. அடுத்த வருடத்துக்குள் பூஜ்யம் ஆக்குவோம்."

கைதட்டல் அடங்கச் சற்று நேரமானது.

"இப்போது நேரடிச் செய்முறை. ஓட்டுநர் திரு. ஏசுவடியான்."

பதினான்காம் எண் பேருந்து பந்தலுக்குப் பக்கத்தில் பூமாலையோடு நின்றது. ஏசுவடியான் இஸ்திரி போட்ட காக்கியில் அதை நோக்கி நடந்தார். ஐந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெயக்கொடி காலையில் சொல்லி அனுப்பியது ஒன்றுதான்: "ஏறும்போது மொகத்தைக் கொஞ்சம் கோணலா வைங்க. பொருள் வந்தாலும் வரும்."

அவர் படியில் காலை வைத்தார். முகத்தைக் கோணலாக வைத்தார். பொருள் வருகிறதா என்று உள்ளுக்குள் தேடினார். மாலையிலிருந்த ஒரு செவ்வந்திப் பூ அவர் மூக்கில் உரசியது. தும்மல் வந்தது. அடக்கினார்.

"பாகுன்னாவா பாபு?"

நன்றாக இருக்கிறாயா என்று யாரோ கேட்டார்கள். தெலுங்கில். ஏசுவடியான் காலை எடுத்துக்கொண்டு திரும்பினார். டாக்டர் சுவர்ச்சலா தேவி மேடையிலிருந்து இறங்கி, தண்ணீர் தேங்கிய தரையில் செருப்பு நனைய, அவரை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

மேடையில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. விஷயம் இதுதான். போன வருடம் குழு வந்தபோது, அம்மையாருக்கு அனுப்பிய வாடகைக் கார் ஸ்ரீவில்லிபுத்தூர் ரயில் நிலையத்தில் கிளம்ப மறுத்தது. மாணவர்களை இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு அந்தப் பக்கம் வந்த ஏசுவடியான்தான் அவரை ஏற்றிக்கொண்டு வந்தார். ராஜபாளையத்தில் அவர் தெருவில் பாதி வீடுகளில் தெலுங்குதான் பேச்சு. சின்ன வயதிலிருந்தே அவருக்கும் அது வரும். வழி நெடுக இருவரும் பேசிக்கொண்டு வந்தார்கள். அம்மையார் கேட்டார், இவர் சொன்னார். ஒரு சொல் ஆங்கிலம் தேவைப்படவில்லை. பெரிய மனுஷியிடம் வாயைத் திறந்ததற்கே மெமோ வரும் என்று பயந்து, அவர் அதை வீட்டில்கூடச் சொல்லவில்லை.

அம்மையார் இப்போது தணிந்த குரலில் ஏதோ கேட்டார். ஏசுவடியான் தலையைக் குனிந்துகொண்டு ஒரே சொல்லில் பதில் சொன்னார். அது மேடைக்குக் கேட்கவில்லை. அம்மையாரின் முகம் மாறியது மட்டும் கடைசி வரிசை வரைக்கும் தெரிந்தது.

அவர் மேடைக்குத் திரும்பி மைக்கை எடுத்தார். ஆங்கிலத்தில் பேசினார். வெங்கடேஸ்வரி தமிழில் சொன்னாள். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை.

"இந்தக் கட்டடம் எதற்கு என்று அம்மா கேட்கிறார்."

"மேடம், உங்க உத்தரவுதான்" என்றார் பாண்டிதுரை. "கெட்."

"அது அம்மா எழுதிய வரியின் முதல் சொல். அதற்குப் பின்னால் இன்னும் பன்னிரண்டு சொற்கள் எழுதியிருந்தார். அவை எங்கே என்று கேட்கிறார்."

எல்லோரும் சோலைச்சாமியைப் பார்த்தார்கள். சோலைச்சாமி எழுந்து நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். மாட்டினார்.

"சுருக்கிட்டோம் மேடம்."

தாளாளர் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே முதல்வர் பக்கம் திரும்பினார். முதல்வர் துணை முதல்வர் பக்கம் திரும்பினார். வரிசை அதோடு நின்றது. அதற்குப் பக்கத்தில் கண்காணிப்பாளரின் நாற்காலி காலி.

அம்மையார் மறுபடி பேசினார்.

"ஒருவருக்கு ஒன்றை வாங்கிக் கொடுப்பது என்று அந்தச் சொல்லுக்கு ஒரு பொருள் உண்டே, அது எந்தத் துறையிடம் இருக்கிறது என்று கேட்கிறார்."

பாண்டிதுரை ஒதுக்கீட்டுப் பதிவேட்டைப் புரட்டினார். முன்னாலிருந்து புரட்டினார். பின்னாலிருந்து புரட்டினார்.

"அது... யாருக்கும் ஒதுக்கலை மேடம். குலுக்கல்ல சீட்டு வந்துச்சு. யாரும் கை தூக்கலை."

"பெட்டகத்தைத் திறக்கச் சொல்கிறார்."

எழுதியவரே கேட்டுவிட்டார். விதிப்படி திறக்கலாம். சோலைச்சாமி இடுப்புச் சாவியோடு போனார், வந்தார். சிவப்பு முத்திரையோடு உறை வந்தது. அம்மையார் அதை வாங்கவில்லை. வெங்கடேஸ்வரியைக் கைகாட்டினார். அவள் உறையைப் பிரித்து, தாளை விரித்து, முதலில் தனக்குள் படித்தாள். பேருந்துப் படியருகே கோணல் முகம் நேராகாமல் நின்றிருந்த ஏசுவடியானை ஒரு தடவை பார்த்தாள். மைக்கில் வாயை வைத்துத் தமிழில் படித்தாள்.

"'பதினாலாம் நம்பர் பஸ் டிரைவர் ஏசுவடியானுக்கு, நான் திரும்பி வர்றதுக்குள்ள, நிரந்தர உத்தரவு வாங்கிக் கொடுங்க.'"